தம்பியின் கட்-ஆஃப் 136

2024 மே 6, திங்கட்கிழமை. காலை ஒன்பதரைக்குப் பிளஸ் டூ ரிசல்ட். மறுநாள் முதல் ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தது. அப்பா டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவர் என்பதால் வீட்டில் ஒரு வாரமாக அந்தப் பேச்சுதான். நான் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். கொழுந்து வந்து குவிகிற நேரம் என்பதால் லீவு கேட்க வாய் வரவில்லை. ஒன்பதே முக்காலுக்குத் தம்பி போன் செய்தான்.

“அக்கா, பாஸ்.”

குரலில் இருப்பது சந்தோஷமா பயமா என்று பிடிபடவில்லை. “மார்க்கச் சொல்லு, எழுதிக்கறேன்” என்றேன். மேசையில் கிடந்த இலைச் சீட்டு (கொழுந்து வரவு எழுதும் துண்டுச் சீட்டு) ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதினேன். தமிழ் 81, ஆங்கிலம் 66, கணக்கு 71, இயற்பியல் 62, வேதியியல் 68, கம்ப்யூட்டர் சயின்ஸ் 79. மொத்தம் 427. கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கினேன். 71, 31, 34. கூட்டினால் 136. இன்ஜினியரிங் கட்-ஆஃப் இருநூற்றுக்கு.

அந்தச் சீட்டு இன்னும் என் பையில் இருக்கிறது. 136 என்று கேட்டால் பலர் “அவ்வளவுதானா” என்பார்கள். அந்த எண் எங்கிருந்து ஏறி வந்தது என்று எனக்குத் தெரியும்.

எட்டாம் வகுப்பு வரை தம்பி ஒரு தனியார் ஆங்கில மீடியம் பள்ளியில் படித்தான். எனக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைக்கட்டும் என்று அப்பா சேர்த்துவிட்டார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் மலைக்கு வண்டி வருவது நின்றுபோனது. ஜீப் எட்டு மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அம்மா கொழுந்து பறித்துக் கொண்டுவந்த கூலியில்தான் அடுப்பு எரிந்தது. ஃபீஸ் பாக்கி ஏறியது. கடைசியில் அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் பாக்கியைக் கட்டி, டி.சி. வாங்கி, ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்த்தோம்.

சேர்த்தோமே தவிர, பள்ளி திறக்கவில்லை. வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அப்பாவுடையது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குள் சிக்னல் எடுக்காது. மேலே தேயிலைக் காட்டுக்கு நடுவில் ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறினால் இரண்டு கோடு காட்டும். எங்கள் லைன் பிள்ளைகள் ஆறேழு பேர் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மழை பெய்தால் போனை மடியில் கட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். சாயங்காலம் மாடு வந்துவிட்டது என்றால் (நாங்கள் மாடு என்பது காட்டெருமையை) அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். 2021 பிப்ரவரியில் பள்ளி கொஞ்ச நாள் திறந்தது. அந்த மாதக் கடைசியிலேயே ஒன்பது, பத்து, பதினொன்று எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டார்கள். தம்பி பத்தாவதுக்குப் போனான். ஒன்பதாவது கணக்கு அவனோடு போகவில்லை.

2022 ஜூன் 20-ல் பத்தாவது ரிசல்ட். 231. கணக்கில் 41. அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. அம்மா அவனைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. தட்டில் போட்ட சோற்றை மூடி வைத்தார். அடுத்த நாள் அதைத்தான் தாளித்துக் கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் இது புரியாமலேயே பல பிள்ளைகள் மனசு விட்டுவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு மார்க்கை எந்தக் கல்லூரியும் கேட்பதில்லை. பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து இன்ஜினியரிங் கட்-ஆஃப் போடுவதில்லை, அரசு கலைக் கல்லூரியிலும் தரவரிசை அதை வைத்து வருவதில்லை. பிளஸ் ஒன் மார்க்கும் சேராது, அதில் தேறியிருந்தால் போதும். (2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வையே எடுத்துவிட்டார்கள்.) கணக்கில் எடுப்பது பிளஸ் டூவை மட்டும்தான். ஆனால் பத்தாவது மார்க் வேறு ஒரு இடத்தில் பிடித்துக்கொள்ளும், பிளஸ் ஒன்னில் எடுக்கும் பாடத் தொகுப்பில், அதாவது குரூப்பில். அங்கே கணக்கு இல்லாத குரூப் கிடைத்துவிட்டால் இன்ஜினியரிங், பி.எஸ்சி. கணக்கு போன்றவை பெரும்பாலும் அன்றைக்கே மூடிவிடும். ஒரு பிள்ளையின் கல்லூரி மே மாதத்தில் முடிவாவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாதி அதற்கு இரண்டு வருடம் முன்னால், குரூப் எழுதிப் போடும் அந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

அந்தப் பத்து நிமிடம் எங்களுக்கு எப்படிப் போனது என்றால், கணக்கில் 41 வாங்கியவனுக்குக் கம்ப்யூட்டர் குரூப் தர ஆசிரியர்கள் யோசித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, அவன் தேறாமல் போய்விடக்கூடாதே என்ற கவலைதான் அது. ஹெச்.எம். தம்பியைப் பார்த்து, “உனக்கு எது வேணும்?” என்று கேட்டார். “கணக்கு வேணுங்க சார்” என்றான். “கணக்கு உனக்கு வராதே?” “வரலைங்க சார். ஆனா வேணும்.” காலாண்டுத் தேர்வு வரை பார்ப்போம் என்று உட்கார வைத்தார். காலாண்டிலும் சரியாக வரவில்லை. ஆனாலும் யாரும் அவனை எழுப்பி அனுப்பவில்லை.

2023 மே 19-ல் பிளஸ் ஒன் ரிசல்ட். இயற்பியல் போய்விட்டது. துணைத் தேர்வில் எழுதித் தேறினான். ஆக ஒன்பது, பத்து, பதினொன்று என்று மூன்று வருடமும் சறுக்கல்தான்.

பிளஸ் டூவில் என்ன மாறியது என்று பலர் கேட்டார்கள். ட்யூஷன் எதுவும் இல்லை. அவன் கணக்கு ஆசிரியர் ஒருநாள் அவனுடைய நோட்டை எடுத்து, தப்பான விடையிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறார். வகைநுண்கணிதத்தில் சூத்திரம் சரியாக இருந்தது, பிரதியிட்டதும் சரி. கடைசியில் இரண்டு பின்னங்களைக் கூட்டும் இடத்தில் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருந்தான். அதற்கு முந்தைய கணக்கிலும் அதே. அதற்கு முந்தியதிலும் அதே. பள்ளிக்குப் போயிருந்தபோது ஆசிரியர் என்னிடம் சொன்னார்: “பிளஸ் டூ கணக்கு இவனுக்கு வரலேங்கறது இல்லம்மா. கீழ ஒரு படி இல்ல. அதுல கால வச்சு வச்சு விழறான்.” மூன்று வாரம் சாயங்காலம் இருக்கச் சொல்லி, ஏழாம் எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பின்னமும் குறி மாற்றமும் போட வைத்தார். பதினேழு வயதுப் பையன் ஏழாம் வகுப்புப் புத்தகத்தை வெளியே தெரியாமல் ஒரு பழைய காலண்டர் அட்டைக்குள் வைத்து எடுத்துப் போனான். 71 அங்கிருந்து வந்தது.

இப்போது மே 6-க்கு வருகிறேன். மத்தியானத்துக்குள் போன்கள் ஆரம்பித்தன. எங்கள் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. “தம்பி மார்க் என்னங்க? கோயமுத்தூர்ல நல்ல காலேஜ்ல சீட் இருக்கு. பத்தாயிரம் போட்டு பிளாக் பண்ணிக்கங்க, நாளைக்கு இருக்காது.” ஒருவர், மார்க் வரிசைப்படி அரசு சீட் ஒதுக்கும் கவுன்சிலிங்கே தேவையில்லை என்றார். இன்னொருவர் 136-க்குக் கவுன்சிலிங்கில் எதுவுமே கிடைக்காது என்று அப்பாவைப் பயமுறுத்திவிட்டார். அப்பா கடன் கேட்கக் கிளம்பியேவிட்டார். நான் வாசலில் நின்று தடுத்தேன். அப்பாவிடம் குரல் உயர்த்திப் பேசியது அன்றைக்குத்தான்.

கையில் என்ன இருக்கிறது என்று அன்றிரவு எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2021 முதல் இன்ஜினியரிங்குக்கும் உண்டு, கல்விக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசே கட்டும். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தம்பி ஆறு, ஏழு, எட்டு தனியாரில் படித்தவன். அப்பா கஷ்டப்பட்டுக் கட்டிய அந்த மூன்று வருட ஃபீஸ்தான் அவனை அந்தப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளியது. இதைச் சொன்னபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்து முதல் பட்டதாரிச் சலுகை. நான் ஊட்டியில் பி.காம். முடித்திருப்பதால் அதுவும் அவனுக்கு இல்லை. என் தாத்தா சிலோனிலிருந்து சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்து இந்தத் தேயிலைக் காட்டில் இறங்கியவர். அந்தக் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. அது தம்பிக்கு ஒரு கதவைச் சாத்தும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பணக் கணக்கு இப்படி வந்தது. தனியார் கல்லூரியில் கவுன்சிலிங் சீட்டுக்கு அப்போது அரசு வைத்திருந்த கட்டணம் வருடத்துக்கு 50,000 அல்லது 55,000. விசாரித்த இடத்தில் ஹாஸ்டலும் சாப்பாடும் சேர்ந்து 75,000 என்றார்கள். நான்கு வருடத்துக்கு ஐந்து லட்சத்தைத் தொடும்.

கவுன்சிலிங்கில் சாய்ஸ் போடுவதற்கு, அதாவது வேண்டிய கல்லூரிகளை விருப்ப வரிசையில் எழுதுவதற்கு முன் நான் செய்த ஒரு காரியத்தை எல்லோரும் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாக முந்தைய வருடக் கட்-ஆஃப் இணையத்தில் கிடைக்கும். அதை எல்லோரும் பார்க்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் எந்தக் கல்லூரியில் எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்றும் வெளியிடுகிறது. அதைப் பார்ப்பவர்கள் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கல்லூரியின் முகமே மாறிவிடும். கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலோ பி.எஸ்.ஜி.யிலோ கம்ப்யூட்டர் படிப்பு பொதுப்பிரிவில் 190-ஐத் தாண்டியே தீர்ந்துவிடும். அதைப் பார்த்து ஏங்குவதில் பயனில்லை. 136-க்கு எட்டுகிற கல்லூரிகளுக்குள்ளேயே வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருந்தது. சிலவற்றில் பாதிக்கு மேல் பிள்ளைகள் தேறாமல் இருந்தார்கள். வாசல் மட்டும் பளிங்கு.

கணக்கில் ஒரு படி இல்லாமல் வந்தவனுக்கு முதல் செமஸ்டரிலேயே அணிகளும் நுண்கணிதமும் காத்திருக்கும். அங்கே விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்குமா? எந்தக் கல்லூரியில் சீட் கிடைக்கும் என்பதைவிட, எந்தக் கல்லூரியை இவனால் முடிக்க முடியும் என்றுதான் நான் பார்த்தேன். சுற்றத்தில் இருவர் இன்ஜினியரிங் சேர்ந்து, இருபது அரியரோடு திரும்பி வந்து, இப்போது டிரைவர் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் புத்தியில் குறைவானவர்கள் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது சீட், அதற்குமேல் யாரும் எதையும் பார்த்துக் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பதினான்கு கல்லூரி எழுதினோம். வரிசைதான் முக்கியம். மேலிருந்து கீழே பார்த்து, எது முதலில் காலியாக இருக்கிறதோ அதை ஒதுக்குவார்கள். அதனால் கிடைக்காது என்று தெரிந்தாலும் பிடித்ததை மேலே எழுதுவதில் நஷ்டம் கிடையாது. கிடைத்தாலும் போகமாட்டோம் என்பதை எழுதவே கூடாது. பத்தாவது இடத்தில் இருந்த ஒன்றைத் தம்பியே அடித்தான். “இது வேண்டாங்க்கா, நேர்ல பார்த்தப்ப லேபுக்குப் பூட்டுப் போட்டிருந்தாங்க” என்றான். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

இன்ஜினியரிங் கவுன்சிலிங் மெதுவாக நடக்கும். 136-க்கு மூன்றாவது சுற்றுதான், ஆகஸ்ட் கடைசி. அரசு கலைக் கல்லூரிகளோ ஜூனில் கலந்தாய்வு முடித்து ஜூலைத் தொடக்கத்தில் வகுப்பே ஆரம்பித்துவிடும். அதை நம்பி இதை விட்டால் இரண்டும் போகும். அதனால் ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்கும் போட்டிருந்தோம். அங்கே மொழிப்பாடம் போக நான்கு பாட மார்க், நானூற்றுக்கு. தம்பிக்கு 280. கம்ப்யூட்டர் சயின்ஸ் முந்திக்கொண்டு நிரம்பிவிட்டது. பி.எஸ்சி. கணக்கில் இடம் இருந்தது. இன்ஜினியரிங் வரும்வரை இருக்கட்டும் என்று சேர்த்தோம்.

1955-ல் தொடங்கிய கல்லூரி அது. வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் முதன்முதலாகக் கட்டிய கல் பங்களா அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. நானும் அதே ஏற்றத்தில் மூன்று வருடம் மூச்சு வாங்க நடந்தவள். கட்டபெட்டு, தொட்டபெட்டா வழியாகக் காலை பஸ். ஜூலை மழையில் ஜன்னலுக்கு ஷட்டர் இறங்காத பஸ்ஸாக அமைந்தால் கல்லூரி போய்ச் சேரும்போது ஒரு தோள் மட்டும் நனைந்திருக்கும்.

ஆகஸ்ட் கடைசியில் தற்காலிக ஒதுக்கீடு வந்தது. எங்கள் பட்டியலில் ஆறாவது. கோயம்புத்தூர் பக்கம், எலெக்ட்ரிகல். பரவாயில்லாத கல்லூரி. உறுதி செய்ய இரண்டு நாள். நான் மனசுக்குள் போகட்டும் என்று முடிவு செய்திருந்தேன். கடனுக்குப் பேங்க் மேனேஜரிடமும் பேசி வைத்திருந்தேன். இரவு தம்பியிடம், “டி.சி. வாங்க நாளைக்கு நானும் வர்றேன்டா” என்றேன்.

அவன் நோட்டை எடுத்து வந்தான். முதல் பக்கத்திலிருந்து காட்டினான். “அக்கா, இங்க சார் போர்டுல போடறப்போ ஒரு வரி புரியலேன்னு கேட்டா மறுபடி போடறாரு. ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் போட்டாரு. கிளாஸ்ல யாரும் சிரிக்கல.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்குக் கம்ப்யூட்டர் வேணும்தான். இத முடிச்சுட்டு எம்.சி.ஏ. போறேன். இப்ப இத விட்டுட்டுப் போனா மறுபடி முதல்லேர்ந்து விழணும்க்கா” என்றான்.

அப்பாவுக்கு அன்றைக்கு வருத்தம்தான். மகன் இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவர். அம்மா மட்டும் “வீட்டுக்கு வந்து சாப்பிடுவான்ல” என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனார். ஒதுக்கீட்டை வேண்டாம் என்று நான்தான் அழுத்தினேன். விரல் நடுங்கியது.

இது எல்லோருக்கும் சரி என்று சொல்ல வரவில்லை. அதே கட்-ஆஃபில் 7.5 சதவீதம் இருந்திருந்தால், அல்லது அவனுக்குக் கணக்கு ஆழமாக ஊன்றியிருந்தால், நானே கோயம்புத்தூருக்கு ஏற்றிவிட்டிருப்பேன். பாலிடெக்னிக்கும் நல்ல வழிதான். பிளஸ் டூ முடித்தால் நேரே இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்து பி.இ.யில் அங்கேயும் நேரே இரண்டாம் வருடம். அதையும் யோசித்தோம். அந்தப் பத்தாவது 231-ம் அழிந்துபோய்விடவில்லை. வளாக நேர்காணலுக்கு வரும் பல ஐ.டி. கம்பெனிகள் பத்தாவதிலும் 60 சதவீதம் கேட்கின்றன. தம்பியுடையது 46. அந்தப் படிவங்கள் அவனைத் திருப்பி அனுப்பும், அவனுக்கே அது தெரியும். பேங்க் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் டிகிரி போதும். எம்.சி.ஏ.வுக்கு டான்செட் நுழைவுத் தேர்வு எழுதினால் அதன் மார்க்தான் பேசும். அந்த வழிகளைப் பார்த்துத்தான் நாங்கள் நடக்கிறோம்.

இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறான். முதல் செமஸ்டரில் ஒரு தாள் போனது, அடுத்ததில் எழுதி எடுத்துவிட்டான். அதன்பின் அரியர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் பிள்ளைகளுக்கு வாசல் திண்ணையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். நோட்டில் தப்பு வந்தால் கடைசி வரியிலிருந்து மேலே போகிறான்.

போன வாரம் மேல் லைன் பிள்ளை ஒருத்தி அம்மாவோடு வந்தாள். பிளஸ் டூ. அரையாண்டில் இயற்பியல் 38. எனக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும் என்று கேட்டுக் கண் கலங்கினாள். ஆறாவதிலிருந்து எங்கே படித்தாய் என்று கேட்டேன். எல்லாம் அரசுப் பள்ளிதான். அப்படியானால் உனக்கு 7.5 உண்டு, கல்லூரி சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரமும் வரும், மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “ஊட்டிலேர்ந்து நம்ம ஊருக்குக் கடைசி பஸ் எத்தன மணிக்கு அக்கா?” என்றாள்.

எனக்கு நேரம் மறந்துபோயிருந்தது. தம்பி உள்ளேயிருந்து வந்தான். மேசையில் கிடந்த இலைச் சீட்டைத் திருப்பி நான்கு நேரம் எழுதினான். கடைசி நேரத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு அவளிடம் நீட்டினான்.

“மழ நாள்ல இது வராது. அதுக்கு முந்தினதப் புடிச்சிரு.”